பங்க்கைத் தாண்டி வந்தவர்

"நான் செஞ்ச தப்பு ஊருக்கெல்லாம் ஏன் தெரியணும்?" என்று கேட்டார் அருள்தாஸ்.

உலகம்மை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகம். சுற்றுவட்டார மருத்துவமனைகளின் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பிழைப்பு. உலகம்மைதான் அங்கே கற்றுக்கொடுப்பவள். அருள்தாஸ் அவளைவிட மூத்தவர். வயதைப் பார்த்தால் வேலை படியுமா? அவளிடம் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்துவிட்டார்.

அங்கே ஒரு வழக்கம். தரவுத்தளத்தின் அமைப்பில் எதை மாற்றினாலும் அதை ஒரு கோப்பாக எழுதி, வரிசை எண் போட்டு அனுப்புவார்கள். மருத்துவமனைக் கணினி அதை ஒரே ஒரு தடவை ஓட்டும். ஓட்டி முடித்த கோப்பை மறுபடி தொடாது.

ஏழாவது கோப்பு அருள்தாஸ் எழுதியது. நோயாளிக்கு ஆகாத மருந்தின் பெயரைப் பதிய ஒரு கட்டம். அளவைக் குறுக்கி வைத்துவிட்டார். நீளமான பெயரெல்லாம் பாதியில் அறுந்து நின்றது. இந்தப் பாதிப் பெயரை நம்பி நான் எப்படி ஊசி போடுவேன் என்று காலையில் ஒரு நர்ஸ் போனில் கேட்டுவிட்டாள்.

அருள்தாஸ் அந்த ஏழாவது கோப்பையே திறந்து, அளவைப் பெரிதாக்கி மூடினார். புதுக் கணினி ஒன்றில் முதல் கோப்பிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பெயர் முழுசாக வந்தது. தப்பு நடந்த தடமே இல்லை.

அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

"ஏழாவதைப் பழையபடியே வைங்க அண்ணாச்சி" என்றாள் உலகம்மை.

அதில்தான் அவருக்கு மனத்தாங்கல். நாளைக்குச் சேரப்போகிற பொடிசுகள்கூட அதைப் படித்துவிட்டுச் சிரிக்குமே.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மதியச் சாப்பாடு கொண்டுவரும் ஆட்டோக்காரர் செபஸ்தியான். புது ஆள். பெட்ரோல் பங்க்கில் இடது பக்கம் திரும்பச் சொன்னது அருள்தாஸ்தான். திரும்ப வேண்டியது வலது.

உலகம்மை கை நீட்டிப் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"பங்க்ல வலது பக்கம் திரும்புங்க."

"பங்க்கு எப்பவோ போயிட்டும்மா. நான் வாய்க்கால் பாலத்துல நிக்கேன்."

"பங்க்ல வலது."

"ரசம் ஆறுது தாயி."

"பங்க்ல வலதுதான்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அருள்தாஸுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆள்தான் தாண்டிப் போயிட்டாரே, இனிமேல் பங்க்கைத் திருத்தி என்ன பிரயோசனம் என்று கேட்டார்.

உலகம்மை போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார், நீங்களாவது நான் நிக்க எடத்துல இருந்து வழி சொல்லுங்க."

அருள்தாஸ் ஏழாவது கோப்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு பாலத்திலிருந்து வழி சொன்னார்.

ஏழாவது கோப்பைத் தப்போடு பழையபடி வைத்தார். அடுத்த எண்ணைப் போட்டு, அளவைப் பெரிதாக்கப் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார்.

ரசம் வந்து சேருவதற்குள் எழுதி முடித்திருந்தார்.