காதுக்குப் பின்னால் ஒரு நாள்

ஒத்தைமேட்டு ஜனங்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் போதும், சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அந்த ஊரில் இருக்கிற ஒரே தொல்லை அதுதான். மற்றபடி தங்கமான மனுஷர்கள்.

அந்த ஊர் பாக்கியத்தாய்க்கு அழகு நிலையம் வைக்க வேண்டும் என்று ஆசை. சும்மா ஆசை இல்லை. தெருப்பக்கத்து அறையில் கிடந்த உளுந்து மூட்டைகளை அடுப்படிக்குத் தள்ளிவிட்டு, ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டாள். சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது கைக்கு வராமல் ஒருத்தி தலையில் சீப்பு வைக்க மாட்டேன் என்று அவளே தனக்குச் சட்டம் போட்டிருந்தாள். நாற்காலியில் யாரையும் உட்காரவும் விடவில்லை. வீட்டுப் பூனை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

டவுனில் மரகதவல்லி டீச்சர் மூன்று மாத அழகுக்கலைப் பயிற்சி நடத்தி வந்தார். பாக்கியத்தாய் தன் சிநேகிதிகள் செல்லக்கிளியையும் முத்துப்பேச்சியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். படிவத்தில் கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதற்காக அவள் புருஷன் ஐயம்பெருமாளும் கூடவே போனான். கையெழுத்தை வாங்கிக்கொண்ட டீச்சர், "கொஞ்சம் அப்படி உட்காருங்க" என்றார். எழுந்திருக்கச் சொல்ல மறந்துவிட்டார். சொல்லாமல் எப்படி எழுந்திருப்பது? சாயங்காலம், "எல்லாரும் நாளைக்கு சரியா பத்து மணிக்கு வந்துடுங்க" என்றார். அவனும் மறுநாள் பத்து மணிக்குப் போய் நின்றான். இப்படியே மூன்று மாதம் போய், வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கிவிட்டான்.

முதல் வாரம் புருவம் திருத்தும் பாடம். "ஒருத்தருக்கொருத்தர் செஞ்சு பழகுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற வரைக்கும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் டீ குடிக்கப் போனார். நால்வரும் விடவில்லை. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் வலது பக்கமும் எடுக்க வேண்டும், வலது பக்கம் கூடிவிட்டால் மறுபடி இடது பக்கம். டீச்சர் திரும்பி வந்தபோது நாலு பேருக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எட்டு இடத்திலும் ஒரு முடி இல்லை.

"அய்யோ! என்னம்மா இது?"

"இப்பதான் டீச்சர் சரியா வந்துச்சு" என்றாள் முத்துப்பேச்சி.

டீச்சர் கோபக்காரர் இல்லை. ஆளுக்கொரு மை பென்சில் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து அவர்களுக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தார். பாவம், அதில்தான் வினையே வந்தது.

இரண்டு தடவை சொன்னவற்றில் முக்கியமானது இது. "புதுசா எது தோலுல பட்டாலும் சரி, முதல் தடவைன்னா காதுக்குப் பின்னால கொஞ்சம் வச்சு, ஒரு முழு நாள் பாக்கணும். சிவந்தாலோ தடிச்சாலோ ஒத்துக்கலைன்னு அர்த்தம். அதை விட்டுடணும். இதுல மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீங்க." பாக்கியத்தாய் இதை நோட்டில் எழுதி மூன்று கோடு போட்டாள். இரண்டாவது தடவை சொன்னபோது இன்னொரு பக்கத்தில் எழுதி அதற்கும் மூன்று கோடு போட்டாள்.

கடைசிப் பரீட்சை எளிதாகத்தான் இருந்தது. நிஜக் கல்யாணப் பெண் ஒருத்திக்கு அலங்காரம் செய்து, கழுத்தில் தாலியோடு போட்டோ எடுத்து வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் சான்றிதழ். நல்லவேளையாகச் செல்லக்கிளியின் தங்கை பூங்கோதைக்குக் கார்த்திகைக் கடைசியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அதை விட்டால் தை பிறக்க வேண்டும். அதுவரை அறையும் நாற்காலியும் பூனைக்குத்தான் என்று நினைத்தபோது பாக்கியத்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் நாளே பூங்கோதையின் காதுக்குப் பின்னால் க்ரீம், பவுடர், மை, குங்குமம், சந்தனம் என்று வரிசையாகப் பதினோரு பொட்டு வைத்தார்கள். மல்லிகைப் பூவில் ஒரு மொட்டையும் ஒட்டினார்கள். தாலியைக்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் சிவக்கவில்லை. விடிந்ததும் நால்வருமாக உட்கார்ந்து செய்த அலங்காரம், உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகாக அமைந்தது. பாக்கியத்தாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை எசக்கிமுத்து இரண்டு கையாலும் வாங்கிப் பெண்ணின் கழுத்துப் பக்கம் கொண்டுபோனான். அப்போதுதான் பாக்கியத்தாய்க்குத் திக்கென்றது.

"நிறுத்துங்க! ஏட்டி செல்லக்கிளி, எல்லாத்தையும் வச்சுப் பாத்தமே, மாப்பிள்ளையை வச்சுப் பாத்தமா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை என்ன க்ரீமா?" என்றாள் முத்துப்பேச்சி.

"க்ரீமுன்னா சொன்னாவ?" என்றான் ஐயம்பெருமாள். "புதுசா எது பட்டாலும்னுல்லா டீச்சர் சொன்னாவ. அதும் ரெண்டு தடவ."

"யாருக்காவவும் விட்டுக்குடுக்கக் கூடாதுன்னும் சொன்னாவ" என்றாள் செல்லக்கிளி. சொந்தத் தங்கை கல்யாணம், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது நின்னு போனா போட்டோ கிடையாது. போட்டோ இல்லன்னா சான்றிதழ் கிடையாது" என்றாள் பாக்கியத்தாய். அவள் கண்ணிலும் தண்ணீர் கட்டிவிட்டது. "ஆனா நாளைக்குப் பிள்ளைக்கு ஒடம்பு பூராவும் தடிச்சுப் போச்சுன்னா நாமல்லா பதில் சொல்லணும்?"

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தாள். "என்னட்டி நடக்கு இங்க? நேரம் போய்க்கிட்டிருக்கு, நாலு பேரும் நின்னு சிரிக்கிய?"

சிரித்தது உண்மைதான். வாடிக்கையாளர் முன்னால் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் வாரத்துப் பாடம். கண்ணில் நீர் வழிய வழிய நால்வரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

"கோவப்படாதிய அத்தை. மாப்பிள்ளையில கொஞ்சம் எடுத்துக் காதுக்குப் பின்னால வச்சுப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள் செல்லக்கிளி.

"என் பிள்ளையில கொஞ்சத்தை எடுக்கணுமா?"

"எடுக்க வேண்டாம்" என்று ஐயம்பெருமாள் சமாதானம் சொன்னான். "ஆளோட சேத்தே வைக்கலாம். சுண்டுவிரல் போதும்."

எசக்கிமுத்துவுக்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் இருக்கவில்லை. தாலியை மடியில் வைத்துவிட்டு, சுண்டுவிரலை நீட்டிப் பூங்கோதையின் காதுக்குப் பின்னால் வைத்தான். "எம்புட்டு நேரம் மயினி?" என்று செல்லக்கிளியைக் கேட்டான். நாளைக்கு இதே நேரம் வரைக்கும் என்றாள். சரி என்று சம்மணத்தைச் சரிசெய்துகொண்டான். ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்து நாளைக்கு என்ன நட்சத்திரம் என்று பார்க்க ஆரம்பித்தார். சமையல்காரர் சாம்பாரை இறக்கலாமா வேண்டாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

அதற்குள் பூங்கோதையின் காது சிவந்தது. காதிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து கழுத்து என்று சிவப்பு இறங்கிக்கொண்டே போனது.

"செவந்துட்டு! செவந்துட்டு!" என்று முத்துப்பேச்சி கத்தினாள். "மாப்பிள்ளை ஒத்துக்கல! விட்டுரணும்!"

பந்தல் முழுக்க அய்யோ என்றது. மாப்பிள்ளையின் அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். பாக்கியத்தாய்க்குத் தன் அறையில் உளுந்து மூட்டைகள் திரும்பி வருவது போலவே தோன்றியது.

பூங்கோதை குனிந்த தலை நிமிராமல் அக்காளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, இது புதுசு இல்ல."

"எதுட்டி?"

"இவிய விரலு. ஆடி மாசம் கோயில் கொடையில ராட்டினத்துல ஏறினப்ப, நான் பயந்துட்டேன்னு இவிய... அப்பமும் இப்படித்தான் செவந்துச்சு. பொறவு தன்னால சரியாப் போச்சு."

பாக்கியத்தாய் நோட்டைப் புரட்டினாள். மூன்று கோடு போட்ட பக்கத்தில் 'முதல் தடவைன்னா' என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டாவது பக்கத்திலும் அப்படியே எழுதியிருந்தது.

"முதல் தடவை இல்ல!" என்று அவள் கூவினாள். "ஏற்கெனவே பட்ட மாப்பிள்ளை! டெஸ்ட்டே வேண்டாம், கட்டுங்க!"

"ராட்டினத்துலயா?" என்று பெண்ணின் அப்பா எழுந்தார். கெட்டிமேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சிவந்த இடத்தில் ஐஸ் வைக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்ததால், ஐயம்பெருமாள் சோடாப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய கட்டியை எடுத்துவந்து பெண்ணின் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். போட்டோவும் அப்படியே விழுந்தது.

டீச்சர் அந்தப் போட்டோவை நெடுநேரம் பார்த்தார். "அலங்காரம் பிரமாதமா இருக்கு. காதுல எதுக்கு ஐஸ்?"

"மாப்பிள்ளை முதல்ல கொஞ்சம் ஒத்துக்கல டீச்சர். இப்ப சரியாயிட்டு" என்றாள் பாக்கியத்தாய்.

டீச்சருக்கு மேலே கேட்கத் தைரியம் வரவில்லை. இன்னொரு மூன்று மாதம் இவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவசர அவசரமாக நாலு சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். பாக்கியத்தாய் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்தபடியே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தாள்.

அதை மாட்ட ஐயம்பெருமாள் சுத்தியலும் ஆணியுமாகச் சுவர்ப் பக்கம் போனபோது, "இந்தாங்க, பொறுங்க. செவருக்கு இது புதுசுல்லா?" என்றாள்.

நியாயம்தானே. சான்றிதழின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, சுவரின் பின்பக்கம் பசை போட்டு ஒட்டி, ஒரு முழு நாள் காத்திருந்தார்கள். கார்த்திகை மழையில் ஊறின சுவர், அந்த இடத்தில் காரை தடித்துப்போயிருந்தது. ஒத்துக்கவில்லை. அடுத்த சுவருக்கு இன்னொரு துண்டு வெட்டினார்கள். அதுவும் தடித்தது. செல்லக்கிளி வீட்டுச் சுவர், முத்துப்பேச்சி வீட்டுச் சுவர் என்று நாளுக்கொரு துண்டாக வெட்டிப் பார்த்துவிட்டு, பதினேழாம் நாள் சொந்த வீட்டிலேயே வாசலை ஒட்டின ஒரு குட்டிச் சுவரில் ஒட்டினார்கள். சிவக்கவில்லை, தடிக்கவில்லை. அப்படியே ஒத்துக்கொண்டது.

மறுநாளே கடையைத் திறந்தாள். முதலில் வந்த பூங்கோதை சுற்றிலும் பார்த்துவிட்டு, "யக்கா, சான்றிதழ் எங்க?" என்று கேட்டாள்.

பாக்கியத்தாய் பெருமையோடு சுவரைக் காட்டினாள்.

"ஆணிதான இருக்கு?"

"அந்த ஆணிக் கொண்டைக்கு அடியில பாரு" என்றாள் பாக்கியத்தாய். "மிச்சம் பூராவும் அங்கதான் இருக்கு."