பூவாத்தாளும் பீச்சு மரத்துக்குள் போன புருசனும்

வெகு காலத்துக்கு முன்னே, மேகம் மாட்டுக்கொட்டகைக்குள்ளே நுழைந்து கன்றுக்குட்டியோடு படுத்துக் கிடந்த காலத்திலே, பனிமலைக்கோட்டை என்று ஒரு ராச்சியம். அந்த மலையிலே நஞ்சப்பன் என்று ஒருத்தன். வீட்டுக்குப் பின்னாலே அவனுக்கு ஒரு பீச்சு மரம் உண்டு. அவன் பெண்டாட்டி பூவாத்தாள் கீழ்நாட்டுக்காரி. வாழையும் தென்னையும் வெயிலும் பார்த்து வளர்ந்தவள். வாக்கப்பட்டு வந்து ஒரு பனிக்காலம்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் கொடுஞ்சடையன் என்கிற மந்திரவாதி வேலியோரம் வந்து நின்றான்.

"டேய், அந்தப் பழத்தைப் பறிச்சுக் கொடு."

"இன்னும் காய்ங்க சாமி. பழுக்கட்டும், நானே கொண்டாந்து தர்றேன்" என்றான் நஞ்சப்பன்.

அவ்வளவுதான். மந்திரவாதிக்கு மூக்குக்கு மேலே கோபம். "எனக்கே காத்திருக்கச் சொல்றியா? அந்த மரத்துக்குள்ளேயே போய்க் காத்திருடா. இதிலே இனிமேல் பூத்துப் பழுக்கிற பழத்தை உன் பெண்டாட்டி தின்னால்தான் வெளியே வருவே. மரம் பட்டுப்போனா உன் கதையும் முடிஞ்சது."

சொல்லி ஒரு ஊது ஊதினான். உள்ளே இருந்து அத்தனையும் கேட்ட பூவாத்தாள் ஓடி வந்து பார்த்தால் புருசன் இல்லை, மந்திரவாதியும் இல்லை. மரத்தில் இருந்த காயெல்லாம் உதிர்ந்து தரையில் கிடக்குது. மரத்தைத் தொட்டால் மூச்சு விடுகிற மாதிரி இருக்குது.

பாவம், என்ன செய்வாள்? தண்ணி ஊற்றினாள், எரு வைத்தாள், பேசினாள். "மாமா, பசிக்குதா? மாமா, எறும்பு கடிக்குதா?" மரம் வாய் திறக்குமா?

பனிக்காலம் வந்தது. இலை பழுத்தது, ஒவ்வொன்றாகக் கொட்டியது, மரம் விறகுக்கட்டை மாதிரி மொட்டையாக நின்றது. வாழை இப்படி நின்றால் செத்ததென்று அர்த்தம். பூவாத்தாள் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்த மங்கைநாச்சி எட்டிப் பார்த்தாள். தேன் சொட்டுகிற பேச்சு அவளுக்கு. "அழாதே அம்மிணி. குளிரிலே வாடுது, அவ்வளவுதான். கம்பளி சுத்து. சுத்திலும் தீ மூட்டு. கட்டின புருசனைக் குளிரிலே விடலாமா?"

அடுத்த நொடி மேலே கிளையில் ஒரு மலையணில். வால் இருக்குதே, விளக்குமாறு தோற்றுப்போகும். "ஏ கிறுக்குப் புள்ளே, தீயை மூட்டாதே. குளிரட்டும் விடு."

காப்பாத்துறதா, கொல்லுறதா? பூவாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தி கண்ணைத் துடைத்துவிடுகிறாள், ஒன்று கிறுக்கி என்கிறது. நீங்களாக இருந்தால் யாரை நம்புவீர்கள்? அவள் அணில்மேல் கல்லை விட்டெறிந்தாள். பனிக்காலம் முழுக்கத் தீ எரிந்தது, கம்பளிக்குள்ளே மரம் கதகதவென்று நின்றது.

பனி போனது. ஊரில் இருந்த பீச்சு மரமெல்லாம் ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளியது. இவள் மரத்தில் ஒரு மொட்டு இல்லை. நுனியில் மட்டும் நாலு இலை, அதுவும் சீக்குக்கோழி மாதிரி. கிளை ஒன்று காய்ந்து ஒடிந்து விழுந்தது.

"இன்னும் அதிகமா தீ மூட்டியிருக்கணும் அம்மிணி" என்றாள் மங்கைநாச்சி.

அடுத்த பனிக்காலம் வந்தது. பூவாத்தாள் விறகை அடுக்கினாள், கையில் நெருப்பை எடுத்தாள், அப்படியே நின்றாள். 'அக்கா சொன்னதைக் கேட்டுப் பார்த்தாச்சு. பூ வரலை. திட்டுற அணில் சொல்றதையும்தான் கேட்டுப் பார்ப்போமே.' நெருப்பை மண்ணில் அமுக்கினாள். கம்பளியை உருவினாள்.

"இப்பத்தான் மண்டையிலே ஏதோ இருக்குதுன்னு தெரியுது" என்றது அணில். "அருவாளை எடு. காய்ஞ்சதை வெட்டு, குறுக்கே போறதை வெட்டு, நடுவிலே வெயில் விழுகிற மாதிரி கிண்ணம்போல விரிச்சு விடு."

"வெட்டுறதா? உள்ளே என் மாமா இருக்குது."

"மாமா இருக்கறதாலேதான் வெட்டச் சொல்றேன்."

மங்கைநாச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "ஐயோ அம்மிணி, புருசன் மேலே அருவாளா? நீ பொம்பளையா, பேயா?"

காப்பாத்துறதா, கொல்லுறதா? பூவாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். வெட்டின வாயில் பிசின் கசிந்தது. ரத்தமா, கண்ணீரா, எதுவென்று தெரியாமல் முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

பனி போனது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், இலையே இல்லாத மரத்தில் குச்சிக்குக் குச்சி பூ! அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "குளிரிலே தூங்கி எழுந்தாத்தான் இது பூக்கும் புள்ளே" என்றது அணில். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்தது. ஒவ்வொரு கிளையிலும் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு, பூனைக்குட்டி மாதிரி மெத்து மெத்தென்று.

"பிடுங்கு" என்றது அணில்.

"எதை?"

"பிஞ்சைத்தான். ஒரு சாணுக்கு ஒண்ணு விட்டுட்டு மத்ததெல்லாம் பிடுங்கிப் போடு. அத்தனையும் சுமந்தா கிளை முறியும், ஒண்ணும் பழுக்காது."

"இதுக்குத்தானே ரெண்டு பனி காத்திருந்தேன். பாவி, உனக்கு நெஞ்சே கிடையாதா?"

"பிடுங்காதே கண்ணு, எல்லாம் உன் குழந்தைங்க மாதிரி" என்று மங்கைநாச்சி ஓடி வந்தாள்.

காப்பாத்துறதா, கொல்லுறதா? இன்றைக்கும் விளங்கவில்லைதான். ஆனால் விளங்காமல் செய்த இரண்டு காரியமும் பூவும் பிஞ்சுமாக ஆனதைக் கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே. முதல் பிஞ்சைக் கிள்ளினாள். இரண்டாவதைக் கிள்ளினாள். மூன்றாவதைக் கிள்ளும்போது, "விடுடி!" என்று ஒரு கட்டைக் குரல். திரும்பினால் மங்கைநாச்சியின் சேலைக்குள்ளே தாடி. கொடுஞ்சடையன்! தேன் பேச்சும் போச்சு, பொய் முகமும் போச்சு. தான் மந்திரம் போட்ட மரத்தை அவனாலேயே தொட முடியாது. அதனால்தான் அவள் கையாலேயே மரத்தைக் கெடுக்கப் பார்த்திருக்கிறான். அவன் கத்தக் கத்த அவள் நிதானமாகக் கிள்ளிக்கொண்டே போனாள்.

மிஞ்சிய பிஞ்சு பெருத்தது, சிவந்தது, மணத்தது. லேசாகத் திருகினாள், கைக்கு வந்தது. கடித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

மரப்பட்டையைத் தள்ளிக்கொண்டு நஞ்சப்பன் வந்து நின்றான், தலைமுடி மட்டும் கன்னாபின்னாவென்று வெட்டுப்பட்டு. போட்டவனையே தேடிப் போனது அந்த மந்திரம். கொடுஞ்சடையன் வேலியோரம் முள்ளுப்புதராகிப் போனான். ஆடுகூட வாய் வைப்பதில்லை.

மரத்தின் மேல்கிளைப் பழமெல்லாம் அணிலுக்கு என்று எழுதாத சட்டம் ஆயிற்று. அது தின்றுகொண்டே திட்டும்.

அந்த வருசம் பனி வந்தது. நஞ்சப்பன் பல்லெல்லாம் தந்தியடிக்க, "குளிருது புள்ளே, அடுப்பை மூட்டு" என்றான்.

பூவாத்தாள் விறகைக் கையில் வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருங்க மாமா. எதுக்கும் அணிலை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

அவர்கள் வீட்டு அடுப்பு அப்புறம் எரிந்தது. நம்ம வீட்டு அடுப்பும் எரியட்டும்.