எட்டு நாள் தண்ணீர்

"அந்த இயந்திரத்துக்கு அறிவே இல்லை மேடம்" என்றார் திருவேங்கடம்.

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு நாற்பத்தொன்று. நாலு வருஷத்துக்கு முன் பிலோமினாவிடம் கணினிப் பாடம் கேட்டவர், இப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு வரும் கோபம் அவருக்கும் வந்திருந்தது.

"என்ன செஞ்சுது?"

"படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீடு வீடாப் போய்ப் பார்க்கற நர்சுங்க இருக்காங்க. அவங்க போன்ல சொல்ற குறிப்பையெல்லாம் ஒரு ஏ.ஐ. உதவியாளர் பார்த்துக்குது. தேட, சேர்க்க, சுருக்க, எல்லாத்துக்கும் நாங்கதான் அதுக்குத் தனித்தனியா மென்பொருள் கருவி செஞ்சு கொடுத்தோம். காசியம்மாள்னு ஒருத்தங்க. அவங்களைப் பார்க்கப் போன புது நர்சு, பழைய நர்சோட குறிப்பைச் சுருக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இது நாலு வரி எழுதிக் கொடுத்துட்டு, ஒன்றரை வருஷக் குறிப்பை அழிச்சிருச்சு."

"திரும்ப வருமா?"

"வராது."

"அதுல என்ன இருந்துச்சு?"



"ஒரு மாத்திரை அவங்களுக்கு ஆகாதுன்னு இருந்துச்சாம். நாலு வரியில அது வரலை. புது நர்சு அதையே கொடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில மூச்சுக்குக் குழாய் வெச்சிருக்காங்க."



"அந்தச் சுருக்கற கருவியை நிறுத்தியாச்சா?"

"நேத்தே நிறுத்தியாச்சு."

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். தவறு உதவியாளருடையது, கருவியில் குறை எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. நாளைக்கு விசாரணை. கணினி விஷயத்தில் பிலோமினா சொன்னால் சொன்னதுதான் என்று பெயர்; அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

"அழிச்சது கருவிதானே சார்?"

"கருவி அப்படித்தான் மேடம். சுருக்கினா பழசு போயிடும், இடம் மிச்சம். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"உதவியாளருக்கு?"

"கருவிக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. மேலே நாம எழுதற விளக்கத்தை மட்டும்தான் படிக்கும்."

"என்ன எழுதினீங்க?"

"குறிப்பைச் சுருக்கித் தரும்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை வேறு.

"கச்சிதமா இருக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? கொஞ்சம் யோசிச்சிருந்தா அதுக்கே புரிஞ்சிருக்கும்."

பிலோமினாவின் முகம் சிவந்தது. எழுந்து வீட்டின் கொல்லைப் பக்கம் போனார். ஐந்து நிமிஷம் கழித்து வந்தார்.

"கையெழுத்து அப்புறம் போடலாம். தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வாங்க சார்."

அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். அன்று காலையில்தான் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சிமெண்டுத் தொட்டி. பக்கத்தில் ஏணி. தொட்டியின் அடியில் பெரிய குழாய், அதில் ஒரு அட்டை தொங்கியது.

'தொட்டித் தண்ணீரைக் காட்டும்.'

மை இன்னும் காயவில்லை. திருவேங்கடம் அதைக் கவனிக்கவில்லை. குழாயைத் திருகினார்.

காட்டத்தான் செய்தது. வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்தது. பதறிப்போய்த் திருப்பித் திருகினார். திருகு சும்மா சுற்றியது.

சத்தம் கேட்டு பிலோமினாவின் கணவர் மரியதாஸ் ஓடி வந்தார். அவர் ஸ்பானரைத் தேடி எடுத்து அடைப்பதற்குள் தொட்டி காலி.

"ஏங்க, உங்களுக்கு அறிவில்லையா? இது தொட்டி கழுவறப்போ மொத்தத் தண்ணியையும் வெளியேத்தற குழாய். கொஞ்சம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே."

திருவேங்கடத்துக்கு ஆத்திரம் பொங்கியது. ஐம்பத்து நான்கு வயதில் கொல்லையில் நின்று திட்டு வாங்க அவர் வரவில்லை.

"என்னை ஏன் சார் திட்டறீங்க? அட்டையில இருந்ததை நம்பித்தானே திருகினேன்? எழுதினவங்களைப் போய்க் கேளுங்க. குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படி..."

அதோடு நின்றுவிட்டார்.

கொல்லைப் படியில் பிலோமினா நின்றிருந்தார்.

"நான்தான் எழுதினேன். கச்சிதமா இல்லையா சார்?"

மரியதாஸ் மனைவியைப் பார்த்தார். "எட்டு நாளைக்கு என்ன பண்றது?"

"குடத்தை எடுத்துக்கிட்டு நான் அலையறேன். எழுதினது நான்தானே."

திருவேங்கடம் குழாயிலிருந்து அட்டையைக் கழற்றினார். சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தார். ஏணிப் படியில் அட்டையை வைத்து, பின்பக்கம் எழுதினார்.

'தொட்டி கழுவும்போது மட்டும் திறக்கவும். திறந்தால் தொட்டி முழுவதும் காலியாகும். மூட ஸ்பானர் வேண்டும். போன தண்ணீர் திரும்ப வராது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க இதைத் தொட வேண்டாம், ஏணியில் ஏறிப் பார்க்கவும்.'

பிலோமினா வாங்கிப் படித்தார்.

"இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

பிலோமினா கையெழுத்துப் போடாமலே கடிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, காசியம்மாளைப் பார்த்துட்டு வரலாம். எந்த வார்டு?"

திருவேங்கடத்துக்குத் தெரியவில்லை.