சடையப்பன் பார்த்த மீன்கொத்தி

ஒரு ஊர்ல ஒரு நடக்கற கூட்டம் இருந்துச்சாம். ஏழு பேரு. வருஷத்துக்கு மூணு தடவை, வெயிலுக்கு ஒண்ணு, ஆடிக் காத்துக்கு ஒண்ணு, மழை விட்டதும் ஒண்ணுன்னு ஏரிக்கரையைச் சுத்தி வருவாங்க. எதுக்கா? சும்மா பாக்கறதுக்குத்தான். மரம் என்ன பண்ணுது, பறவை என்ன பண்ணுதுன்னு. எங்கே, 'ம்' சொல்லு.

அந்தக் கூட்டத்தை ஆரம்பிச்சவ தெய்வானை. அப்புறம் ஒருநாள் அவ கெணத்தடியில வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு, கட்டிலோட கெடந்தா. ஆனா நடை நிக்கக் கூடாதுன்னுட்டா. அதனால ஒரு வழக்கம் வெச்சாங்க. நடந்துட்டு எல்லாரும் நேரா அவ வீட்டுக்கு வரணும். ஆளுக்கு ஒண்ணு, பாத்ததைச் சொல்லணும். சொன்னவங்களுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. எல்லாம் கேட்டுட்டு கடைசியா அவ கேப்பா, "என் இலுப்பை எப்படி இருக்கு?" கல்யாணம் ஆகி வந்த வருஷம் அவ கரையில வெச்ச மரம் அது. நல்லா இருக்குன்னு கேட்டாத்தான் அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்கும்.

அந்த ஏழு பேர்ல ஒருத்தன் சடையப்பன். சரியான சோம்பேறி. மதகு வரைக்கும் வருவான், அங்க ஒரு புங்க மரம், அதுக்கடியில துண்டை விரிச்சுப் படுத்துருவான். கொர்ர்... கொர்ர்... திரும்பி வர்றப்ப கூட்டத்தோட சேந்துக்குவான். காப்பிக்கு மட்டும் மொத ஆளு.

அப்போ சித்திரை. எல்லாரும் சொன்னாங்க. சடையப்பன் முறை வந்துச்சு. மீன்கொத்தி மரக்கெளையில சுள்ளி வெச்சுக் கூடு கட்டுதுன்னான். தூங்கினவன் எப்படிப் பாத்தான்னு எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. தெய்வானை அவனுக்கு அரை டம்ளர் ஊத்தச் சொன்னா.

அப்புறம் ஆடி. காத்து உய்ய்னு அடிக்குது. பூவாத்தான்னு ஒருத்தி இலுப்பங்கொட்டை நாலு பொறுக்கிட்டு வந்து குடுத்தா. தெய்வானை அதுல ஒண்ணை ஜன்னலோரம் ஒரு சட்டியில ஊனி வெச்சுக்கிட்டா. சடையப்பன் என்ன சொன்னான் தெரியுமா? மின்மினிப் பூச்சி பாத்தேன்னான். காலையில எட்டு மணிக்கு! அன்னிக்கும் ஒரே சிரிப்பு, அன்னிக்கும் அரை டம்ளர்தான்.

ம்... தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் ஐப்பசியில ஒரு புயல். மடமட, மடமட, தடால். கார்த்திகையில நடக்கப் போனவங்க பாத்தா, இலுப்பை வேரோட சாஞ்சு கெடக்கு. ஆறு பேரும் அங்கயே நின்னு பேசினாங்க. இது தெரிஞ்சா அக்கா தாங்கமாட்டா, நல்லா இருக்குன்னே சொல்லிடுவோம்னு முடிவு பண்ணினாங்க. ஏழாவது ஆளு புங்க மரத்தடியில கொர்ர்.

தெய்வானை வீட்டுல எல்லாரும் அவசர அவசரமா எதையோ சொல்லி முடிச்சாங்க. சடையப்பன் யோசிச்சான். இந்தத் தடவையாவது முழு டம்ளர் வாங்கணுமே. "அக்கா, உன் இலுப்பை பூத்துக் கொட்டுது, பொத் பொத்துனு"ன்னான்.

கார்த்திகையில இலுப்பை எங்க பூக்கும்? பச்சைப் பொய். ஆனா பாரு, அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கல.

தெய்வானை ஒவ்வொரு மூஞ்சியா பாத்தா. பூவாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"ஏரிப் பக்கம், அக்கா"ன்னா பூவாத்தா.

"பாதையை மறிக்கலயே?"

"இல்ல."

அவ செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அன்னிக்கு அழுதா. அழத்தானே செய்வா. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ஆறு பேரையும் நல்லா திட்டினா. இவன் பொய் சொன்னா எனக்குத் தெரியும், நீங்க சொன்னா நான் நம்பியிருப்பேனேன்னா. அப்புறம் ஜன்னலோரச் சட்டியைக் காமிச்சா. கன்னு சாணளவு வளந்திருந்துச்சு. "சடையா, நீ கொண்டுபோய் வெச்சுட்டு வா. நீ மட்டும் போ."

அப்போ அவன் கெளம்பினான். புங்க மரம் வந்துச்சு. நெழலு குளுகுளுன்னு இருக்கு. நின்னான். கையில சட்டி. நடந்துட்டான். கன்னை வெச்சுட்டு வந்தான், முழங்கால் வரைக்கும் சேறு. என்ன பாத்தேன்னு அவ கேக்கல, அவனும் சொல்லல. காப்பியும் குடிக்கல.

அப்புறம் மறுபடி சித்திரை. ஏழு பேரும் கட்டிலைச் சுத்தி உக்காந்திருக்காங்க. ஆறு பேரும் சொல்லியாச்சு. சடையப்பன் கடைசி.

"கன்னு புதுசா ரெண்டு எலை விட்டிருக்கு அக்கா. அப்புறம் அந்த மீன்கொத்தி..."

"மீன்கொத்திக்கு என்ன?"

"அது மரக்கெளையில கூடு கட்டறதில்ல. மண்ணுலதான் பொந்து குடையுது. உன் மரம் சாஞ்சு கெடக்குல்ல, அதோட வேர்ல செவுரு மாதிரி மண்ணு ஒட்டியிருக்கு. அதுலதான். உள்ள குஞ்சு கத்துது. ரொம்ப நேரம் நின்னு கேட்டேன்."

தெய்வானை கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தா. அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் சொன்னா, "இவனுக்கு முழு டம்ளர் ஊத்துங்க."

அவ்வளவுதான். ஏரிக்கரை சுத்தி வந்தாச்சு, கதையும் வீடு வந்தாச்சு. காலை நீட்டிப் படு.

ம்?

ம்.