சாத்தூரில் ஒரு வேலை

கோவில்பட்டிப் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு ஜெபக்கனி டீச்சரைத் தெரியும். முகம் தெரியாது, அவர் நடத்தும் வேலைவாய்ப்பு பிளாக்கைத் தெரியும். எங்கே ஆள் எடுக்கிறார்கள், கடைசித் தேதி எது, எந்த அறிவிப்பு போலி என்று தினமும் அதில் எழுதுவார். முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர் என்பதால் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்து மூன்றுதான்.

அவரிடம் தொழில் பழக வந்தவர் சங்கரநயினார். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நூற்பாலை ஒன்றில் ஸ்டோர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஏறி இறங்காத இடமில்லை. டீச்சரின் பிளாக்கைப் படித்துப் படித்தே மாதங்கள் போயின. கடைசியில் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக்குன்னு தனியா ஒரு பிளாக் ஆரம்பிக்கலாம்னு பாக்கேன், டீச்சர். சொல்லித் தருவீங்களா?"

"உக்காருங்க, அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

நயினார் கருத்தாகக் கற்றுக்கொண்டார். அறிவிப்பு உண்மையா என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கப் பழகினார். சுற்றி வளைக்காமல் எழுதப் பழகினார். பிளாக்கின் தோற்றத்துக்கு எந்த டெம்ப்ளேட்டை, அதாவது எந்த ஆயத்த வடிவத்தை எடுப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டார். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று அழகாக இருந்தது. பகலெல்லாம் அதே வேலையாக இருந்து, ஒருவழியாக மூன்றைப் பொறுக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

ஒன்றில் படங்கள் தானாக நகர்ந்தன. இன்னொன்று செய்தித்தாள் போல இருந்தது. மூன்றாவதில் மேலே பெரிய படம், அதற்குக் கீழே வண்ண வண்ணப் பெட்டிகள். பெட்டிகள் மூடியிருக்கும், தொட்டால் திறக்கும்.

"இதுல எது நல்ல டெம்ப்ளேட், டீச்சர்?"

"உங்க மனசு எதுல இருக்கு?"

நயினார் கொஞ்சம் கூச்சத்தோடு மூன்றாவதைக் காட்டினார். "பெரிய கம்பெனி சைட் மாதிரி இருக்கு. பாக்கிறவங்களுக்கு நம்ம மேல ஒரு மதிப்பு வரும்."

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அன்று காலை வந்திருந்த அறிவிப்பு ஒன்றை அந்த டெம்ப்ளேட்டில் அப்படியே நிரப்பினார். வேலை முடிந்ததும், "உங்க போனுக்கு லிங்க் அனுப்பியிருக்கேன். வாசிங்க" என்றார்.

நயினார் போனைத் திறந்தார். பெரிய படம் மெல்ல வந்தது. அதற்குக் கீழே, 'ஸ்டோர் சூப்பர்வைசர் தேவை. சாத்தூர். நூற்பாலை அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.'

அவர் விரல் நின்றுவிட்டது.

"டீச்சர், இது நிஜமாவே வந்ததா?"

"நிஜந்தான், அண்ணாச்சி. கம்பெனில பேசிட்டேன்."

டெம்ப்ளேட் என்ற ஒன்றே நயினாருக்கு மறந்துபோயிற்று. வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் நயினாரின் மனைவி போனை எடுத்துவிட்டார்.

"பொன்னுத்தாய், சாத்தூர்ல ஒண்ணு வந்திருக்கு. ஆமா, ஸ்டோர்தான். என் வேலையேதான். தினமும் பஸ்ல போயிட்டு வந்திரலாம். நீ அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேச்சு வை."

போனுக்குள் பொன்னுத்தாய் சிரித்தது அறைக்குள் இருந்த டீச்சருக்கும் கேட்டது.

நயினார் திரும்பி வந்து மிச்சத்தை வாசித்தார். ஒரு விளம்பரம் வந்தது, தள்ளினார். கம்பெனியின் வரலாறு வந்தது. ஒரு வரி விடாமல் படித்தார். இன்னொரு விளம்பரம். பச்சைப் பெட்டியைத் தொட்டார், விண்ணப்பிக்கும் முறை. கடைசியாக மஞ்சள் பெட்டி, தகுதி. படிப்பு இருந்தது. அனுபவம் கேட்டதற்கு மேலேயே இருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி.

'வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.'

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார்.

பிறகு அங்கேயே உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போன் போட்டார். "அது இல்ல, பொன்னுத்தாய்" என்றார். "வயசு." "சரி, வச்சிரு" என்று முடித்தார்.

டீச்சரின் முகம் வாடியிருந்தது.

"உங்களுக்கு முதல்லயே தெரியும், இல்லையா டீச்சர்?"

"தெரியும். வேலை தேடுறவங்க வாசிக்கிற மாதிரி நீங்களே வாசிச்சுப் பாக்கணும்னு நினைச்சேன். வீட்டுக்குச் சொல்லுவீங்கன்னு நினைக்கல. தப்பு என்னோடது, அண்ணாச்சி."

நயினார் தலையாட்டினார். கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை.

"எல்லாரும் சொல்லத்தான் செய்வாங்க, டீச்சர்" என்றார். "பாதி வாசிக்கும்போதே சொல்லிருவாங்க."

டீச்சர் லேப்டாப்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். நயினார் மூன்று டெம்ப்ளேட்டையும் மூடினார். படமே இல்லாத, வெறும் வெள்ளையான பக்கம் ஒன்றைத் திறந்தார். அது டெம்ப்ளேட் தரும் தளங்களில் இலவசமாகக் கிடைப்பது. அதுவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்காதது. முதல் வரியில் வேலையின் பெயரை அடித்தார். அடுத்த வரியிலேயே வயது, பிறகு படிப்பு, கடைசித் தேதி. சாத்தூர் அறிவிப்பு நாலு வரியில் அடங்கிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இப்படிப் போட்டா, தனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் உடனே போயிருவாங்களே, டீச்சர். நம்ம பிளாக்ல யாரு நிப்பாங்க?"

"போகட்டும், அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அவங்க அடுத்த வேலையைத் தேடணும்லா."