நாமக்கோழி புதைத்த ஓலை

கோரைக்குளத்தில் ஒரு நீச்சல் சங்கம் இருந்தது. பறவைகள், ஆமைகள், தவளைகள் என்று நாற்பது உறுப்பினர்கள். தலைவர் ஒரு கூழைக்கடா. பேழைவாயர் என்று பெயர். ஏழு வருடமாக அவர்தான் தலைவர். ஒரு பந்தயத்தில்கூட அவர் நீந்தியதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை கூட்டம் போடுவார். “எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா?” என்று கேட்பார். யாராவது அலகைத் திறப்பதற்குள், “ஏகமனதாக நிறைவேறியது!” என்று சொல்லி முடித்துவிடுவார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போவார்கள்.

அந்த வருடம் முணுமுணுப்பு அதிகமாகிவிட்டது. பந்தயப் பாதைதான் காரணம். குளத்தின் நடுவே விரிந்த தண்ணீர் கிடக்க, பேழைவாயர் பாதையைக் கோரைப் புதருக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார். புதரை ஒட்டி, தண்ணீரில் பட்டுப்போன கருவேல மரம் ஒன்று நின்றது. அதன் கிளையில் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பது அவருக்கு வசதி. ஆனால் அந்தப் புதருக்குள், எப்போதோ மீன்காரர்கள் விட்டுப்போன நைலான் வலை சிக்கிக் கிடந்தது. அது உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கல்லன் என்ற ஆமை இரண்டு முறை தலைவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தது.

“பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்!” என்றார் பேழைவாயர். பார்க்கவில்லை.

“இனிமே ஆளாளுக்குப் பேசினா வேலைக்கு ஆகாது. எல்லாரும் சேர்ந்து மனு கொடுப்போம்!” என்றது கல்லன்.

ஒரு பனை ஓலையை எடுத்துவந்தார்கள். கையெழுத்துக்குப் பதிலாகப் பறவைகள் ஆளுக்கொரு கொத்து கொத்தின. ஆமைகள் ஓரத்தைக் கடித்தன. தவளைகள் சேற்றுக் காலைப் பதித்தன. இதைக் கூட்டத்தில் எடுத்துப் பேச யாரை அனுப்புவது?

எல்லோரும் சீராளனைப் பார்த்தார்கள்.

சீராளன் ஒரு நாமக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை. குளத்திலேயே உரத்த குரல் அவனுடையதுதான். தலைவரை அவன் திட்டாத நாளே கிடையாது. செவ்வந்தி என்ற முக்குளிப்பான்தான் ஓலையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். குளத்தின் முதல்தர நீச்சல்காரி அவள். ஒரு முங்கு முங்கினால் மறுகரையில்தான் எழுவாள்.

“அண்ணே, எங்களுக்கெல்லாம் அவர் முன்னாடி நின்னாலே நாக்கு ஒட்டிக்குது. நீங்கதான் தைரியமாப் பேசுவீங்க!”

“நீ கவலைப்படாதே தங்கச்சி! நான் கேக்குற கேள்வியில அவர் வாயடைச்சுப் போவார் பாரு!” என்றான் சீராளன்.

கூட்டத்தன்று காலையில் பேழைவாயர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போனான்.

“வாங்க தம்பி, வாங்க!” என்றார் பேழைவாயர். “உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்களைச் சங்கம் இத்தனை நாளாக் கண்டுக்காம விட்டுடுச்சு. இந்த வருஷம் நீங்கதான் நடுவர். என் பக்கத்துலயே, மரத்துலயே உங்களுக்கு இடம்!”

சீராளனுக்குத் தலை சுற்றியது. வாத்துகள் அவனை “மொட்டை, மொட்டை” என்று கேலி செய்து சிரிக்கும். அவை எல்லாம் கீழே தண்ணீரில் நிற்க, தான் தலைவர் பக்கத்தில் கிளைமேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தான். நினைப்பே இனித்தது.

“மனு கினு ஏதாவது வருதுன்னு கேள்விப்பட்டேன்,” என்றார் பேழைவாயர், எங்கோ பார்த்துக்கொண்டு. “அவசரம் ஒண்ணும் இல்லையே?”

“இல்லைங்க ஐயா,” என்றான் சீராளன்.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஓலையை மறைத்துவிடு என்றும் சொல்லவில்லை. சீராளனே திரும்பி வரும் வழியில் கரையோரச் சேற்றைக் கிளறி, ஓலையை உள்ளே வைத்து, காலால் மிதித்து மூடினான்.

கூட்டம் கூடியது. கல்லன் அவன் விலாவில் இடித்து, “எழுந்திரு, எழுந்திரு!” என்றது. சீராளன் எழுந்தான். எல்லா முகங்களும் அவனையே பார்த்தன.

“மதிப்புக்குரிய தலைவரிடம் நம்முடைய குறைகளை எடுத்துச் சொன்னேன். ஆவன செய்வதாகச் சொல்லியிருக்கிறார்!”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் அவனை நம்பினார்கள். செவ்வந்தி சிறகைத் தட்டினாள்.

பந்தய நாள் வந்தது. பாதை மாறவில்லை. “இந்த ஒரு தடவை போகட்டும், அடுத்த வருஷம் கட்டாயம் மாத்திடுவாங்க. அண்ணன்தான் பேசியிருக்காரே!” என்று செவ்வந்தி மற்றவர்களைச் சமாதானப்படுத்தினாள். சீராளன் கிளைமேல் இருந்து ஒரு வெள்ளை அல்லிப் பூவைத் தண்ணீரில் போட்டான். பந்தயம் தொடங்கியது.

செவ்வந்திதான் முன்னால் வந்தாள். புதருக்கு அருகே முங்கினாள். மேலே இருந்து பார்த்த சீராளனுக்குத் தண்ணீருக்கடியில் அவள் போவது தெரிந்தது. திடீரென்று அவள் நின்றாள். உதறினாள். மறுபடியும் உதறினாள். குமிழிகள் வந்தன. அவள் வரவில்லை.

“வலை! வலை!” என்று கத்திக்கொண்டே சீராளன் குதித்தான். அவன் இழுக்க இழுக்க வலை இன்னும் இறுகியது. கல்லன் வந்து தன் தாடையால் ஒவ்வொரு நூலாகக் கடித்து அறுத்தது. செவ்வந்தியைக் கரையில் கொண்டுவந்து போட்டபோது அவளுக்கு மூச்சு மட்டும்தான் இருந்தது. வலது காலில் விரல்தோல் கிழிந்து தொங்கியது.

“பந்தயத்தை நிறுத்தாதீங்க! ரெண்டாவது யார் வந்தது?” என்று மரத்தில் இருந்து கேட்டார் பேழைவாயர்.

செவ்வந்தி கண் திறந்தாள். முதலில் அவள் பார்த்தது சீராளனைத்தான்.

“நீங்க அன்னிக்கே சொன்னீங்களே அண்ணே… அவர்தான் கேக்கல.”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். “பாவம், சீராளன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான்!” என்றார்கள். இதுவரை மொட்டை என்று அழைத்த வாத்துகள்கூட அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கின. சீராளனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. யாராவது அவனைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தினமும் அவன் நத்தையும் சிறு மீனும் பிடித்துக்கொண்டு போய்ச் செவ்வந்தி முன்னால் வைத்தான். வைத்துவிட்டு ஓடிவந்துவிடப் பார்ப்பான். அவள் விடமாட்டாள். “உங்களுக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்யப் போறேன் அண்ணே!” என்பாள். நான்காம் நாள் அவள் சொன்னாள்: “இந்தக் குளத்துல எங்களுக்காக வாய் திறக்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

சீராளன் அலகில் இருந்த மீனைக் கீழே போட்டுவிட்டான்.

“நான் வாயே திறக்கல தங்கச்சி,” என்றான். “ஓலையைச் சேத்துல புதைச்சுட்டேன். அவர் எனக்கு மரத்துல இடம் கொடுத்தார். அதுக்காகத்தான்.”

 அவன் கொண்டுவந்த மீன் அவள் காலடியிலேயே கிடந்தது.

“எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா?” என்றாள் செவ்வந்தி. “கொத்து வச்சது நாப்பது பேரு.”

அன்று மாலையே உறுப்பினர்கள் கரையில் கூடினார்கள். சீராளன் நடுவில் நின்று நடந்ததைச் சொன்னான். குளம் முழுக்கக் கேட்கும் அவன் குரல் அன்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லு!” என்றது கல்லன். அவன் மறுபடியும் முதலில் இருந்து சொன்னான். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

“உன்னை நம்பினோமேடா!” என்று கல்லன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஒரு வாத்து அழுதது. பிறகு அவர்கள் யாரையும் பேச அனுப்பவில்லை. நாற்பது பேருமே கருவேல மரத்தடிக்கு நீந்திப் போனார்கள்.

“என்ன இது கும்பல்?” என்றார் பேழைவாயர். “நான்தான் மறுபடியும் தலைவர். எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா? ஏகமன…”

“நான் எதிர்க்கிறேன்!” என்றது கல்லன்.

“நான்!” என்றது ஒரு குட்டித் தவளை. “நான்! நான்!” என்று வாத்துகள் கத்தின. கிழிந்த காலோடு வந்திருந்த செவ்வந்தியும் சொன்னாள். பேழைவாயர் நாற்பது குரலையும் கேட்டு முடிக்க வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, சிறகை விரித்து வேறு குளம் பார்த்துப் போய்விட்டார்.

கல்லன் தலைவரானது. பாதை நடுக்குளத்துக்கு மாறியது. மற்றப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது சீராளன் பெயரை யாரும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. புதரில் மிச்சமிருந்த வலையைப் பிய்த்துக் கரையேற்றும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டான். அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அடுத்த வருடப் பந்தயத்தில் செவ்வந்தி நீந்தவில்லை. கால் ஆறியிருந்தது, பழைய வேகம் வரவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிக் கோரை மறைவில் சீராளன் நின்றான்.

“அங்க ஏன் நிக்கிறீங்க? இங்க வந்து உக்காருங்க அண்ணே,” என்றாள் அவள்.

அவன் போய் உட்கார்ந்தான். நடுக்குளத்தில் நீச்சல்காரர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கரை முழுதும் ஒரே ஆரவாரம். சீராளனின் பார்வை மட்டும் பந்தயம் முடியும் வரை அவள் வலது காலை விட்டு நகரவில்லை.

பலர் நம்பிக் கொடுத்த குரலைத் தன் பெருமைக்காக அடக்கிக்கொண்டவனை ஊரே மன்னித்தாலும், அவன் மனம் அவனைச் சுலபமாக மன்னிப்பதில்லை.