பாறை மேல ஊத்துன தண்ணி

மேடம் வாலப் புடிச்சுக்கிட்டு அலையுறேன்னா சொல்ற? நல்லா சொல்லு பிரசன்னா. க்ளாஸ் குரூப்ல போட்ட, சரி, தொலையட்டும். அதையே கூத்துக்காரங்க குரூப்லயும் போட்டிருக்க பாரு, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. பரமேஸ்வரி ஜெயிச்ச டிசைனக் கெடுத்துட்டாளாம். மண்டபத்தக் கொண்டுபோய்க் குழிக்குள்ள தள்ளிட்டாளாம். எல்லாம் நமக்கு டிசைன் க்ளாஸ் எடுக்குற ஜெயசீலி மேடத்துக்குப் போடுற ஜால்ராவாம்.

ஜால்ராவா? அந்த அம்மாகிட்ட நான் போட்ட சண்டையில காவாசி நீ போட்டிருப்பியா?

நடந்தத நான் சொல்றேன். நீயும் அங்கதான் இருந்த. ஆனா உன் மெசேஜ்ல அது ஒரு வரிகூட இல்லையே, அதனால சொல்றேன்.

கொப்பரப்பாறை மேல கூத்துக்காரங்களுக்கு மண்டபம். நீயும் நானும் சேந்து வரைஞ்சது. கூரை மேல புல்லு, பாறை நெறத்துல மண் சுவரு, தூரத்துலருந்து பாத்தா கட்டடம்னே தெரியாது. கூரையில விழுற மழைத்தண்ணி ஒரு சொட்டு வீணாகாம அடியில தொட்டிக்குப் போவும். அந்தத் தொட்டி என் ஐடியா. பசுமைக் கட்டடம்னு அதுக்கே தனியா மார்க் விழுந்துதான் போட்டியில ஜெயிச்சோம்.

மேடம் படத்தப் பாத்தாங்க. நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல.

"பாறையிலயே வரைஞ்சிடுங்க. நெசமான அளவுல."

நூல் புடிச்சு, சுண்ணாம்புப் பொடி போட்டு, மண்டபம் மொத்தத்தையும் பாறை மேல கோடு கோடா இழுத்தோம். நீ ட்ரோன் எடுத்து மேல விட்ட. கட்டியங்காரன் வேஷம் கட்டுற முனிரத்தினம் அண்ணன் நடுக்கோட்டுல நின்னு ஒரு சுத்து ஆடிக் காட்டுனாரு.

"சூப்பரு பாப்பா! இங்க நின்னா ரோட்டுல பஸ்ஸுல போறவன்கூட என்னப் பாப்பான். இன்னும் கொஞ்சம் மேல ஏத்துனா மெட்ராஸ்லருந்தே பாப்பான்."

கூத்துக்காரங்க வச்சிருந்த தண்ணி கேன மேடம் கேட்டு வாங்குனாங்க. மூடியத் தொறந்தாங்க. கோட்டுக்கு மேல அப்படியே கவுத்தாங்க.

"மேடம்! அது குடிக்கிற தண்ணி!"

"தெரியும்."

தண்ணி சுண்ணாம்புக் கோட்ட அடிச்சுக்கிட்டு எறங்குச்சு. பாறையில கறுப்பா ஒரு தடம் ஓடுது பாரு, அதுலயே வெள்ளையா நெளிஞ்சு போச்சு. எங்கயும் நிக்கல. நேரா பள்ளத்துல இருக்குற சுனையில போய் விழுந்துச்சு.

"ஏம்மா, சுனைக்கு எதுக்கும்மா சுண்ணாம்பு?"ன்னாரு முனிரத்தினம் அண்ணன். "வெத்தல போடப் போவுதா?"

யாரும் சிரிக்கல. நான்தான் சிரிக்க முயற்சி பண்ணேன்.

"எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க மேடம்.

"சுனைக்கு."

"இங்க கூரை வந்தா எங்க போவும்?"

"தொட்டிக்கு."

"தொட்டித் தண்ணி யாருக்கு?"

"மண்டபத்துக்கு. கை கழுவ, கக்கூஸுக்கு, புல்லுக்கு."

அப்புறம் அவங்க ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்குக் கோவம். திட்டிட்டா திருப்பிப் பேசலாம்.

சித்திரையில ஊருல போர்க் கெணறு எல்லாம் காத்து வாங்கும்போது அந்தச் சுனை ஒண்ணுதான் தண்ணியோட கெடக்குது. ஆடும் அங்கதான் குடிக்குது, ஊரும் அங்கதான் மொண்டுக்குது. அதுக்கு ஊத்து எல்லாம் கெடையாது. பாறையில விழுற மழைதான். எனக்குப் புரிஞ்சிருச்சு. புரிஞ்சா உடனே ஒத்துக்கணுமா என்ன?

"குழாய் போட்டுடலாம் மேடம். கூரையிலருந்து நேரா சுனைக்கே விட்டுடலாம்."

"புடுங்கிட்டுத் தானம் பண்றியா?"

"அப்போ கட்டவே வேணாமா? மழை வந்தா இவங்க கிரீடத்தோட போய் மாட்டுக் கொட்டாயில நிக்கிறாங்க. பொம்பள வேஷம் கட்டுனவரு சாக்கப் போத்திக்கிட்டு ஒதுங்குறாரு. அவங்ககிட்ட போய், மன்னிச்சுக்கோங்க, பாறைதான் எங்களுக்குப் பெருசுன்னு சொல்லட்டுமா?"

"கட்டாதன்னு நான் சொன்னேனா?"

"வேற எங்கதான் கட்டுறது?"

காலி கேன என் கையில குடுத்தாங்க.

"ரொப்பிட்டு வா."

நீ அப்பவும் மேல பறக்குற ட்ரோனத்தான் பாத்துக்கிட்டு இருந்த. லைட் நல்லாருக்கு, இன்னும் ஒரு ஷாட்னு சொன்ன.

கீழ எறங்கி பைப்புல புடிச்சு, தோள்ல தூக்கிக்கிட்டு ஏறுனேன். தெற்கால ஊத்துனேன். சுனைக்குப் போச்சு. மேற்க ஊத்துனேன். சுத்திக்கிட்டுப் போய் அதுலயே விழுந்துச்சு. ஆலமரத்தடி பள்ளமா இருக்கே, அங்க நிக்கும்னு நெனச்சேன். நின்னு, ரொம்பி, வழிஞ்சு, அதுவும் சுனைக்கே. பாறை மொத்தமும் ஒரு உள்ளங்கை மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, ஆத்திரத்துல.

"பாறையக் குளிப்பாட்டுறியா பாப்பா?"ன்னாரு முனிரத்தினம் அண்ணன். "சீயக்கா கொண்டாரவா?"

"கொண்டாங்க அண்ணா. மொதல்ல உங்க வாய்க்குத் தேய்ச்சு விடுறேன்."

மேடம் ஒரு கல்லு மேல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. ஒத்தாசைக்குக்கூட வரல.

கடைசியா கெழக்குப் பக்கம் போனேன். பழைய குவாரி வெட்டு. வெடி வச்சுப் பொளந்து, பாதியில விட்டுட்டுப் போன எடம். சுவரு மாதிரி நிக்கிற கல்லுல ட்ரில் போட்ட ஓட்டை எல்லாம் வரிசையா தெரியும். கீழ ஜல்லிக் குப்பை, வேலிக்காத்தான். யாரும் போட்டோ எடுக்காத எடம்.

கேன கவுத்தேன். தண்ணி ஜல்லிக்குள்ள பூந்துச்சு. சுனைப் பக்கம் திரும்பவே இல்ல.

இன்னொரு தடவ கொண்டாந்து ஊத்துனேன். அப்பவும் திரும்பல.

அங்கதான் முளைக்குச்சிய அடிச்சேன். வெட்டுன சுவரே பின்னணி. ஜல்லிக் குப்பையே கடக்காலு. மேல கூரை. அவ்வளவுதான் டிசைன். முனிரத்தினம் அண்ணனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

"பஸ்ஸுலருந்து தெரியாதே பாப்பா."

"தெரியாதுண்ணா. எறங்கி வரட்டும்."

சுத்திச் சுத்திப் பாத்தாரு அவரு. அப்புறம் அந்தக் கல்லுச் சுவருகிட்ட போய் நின்னு, ஒரு விருத்தத்த எடுத்து விட்டாரு. கொரல் சுவத்துல பட்டு எங்க மேலயே வந்து விழுந்துச்சு. "ம்ம்"னாரு. "ஆனா ரெண்டு பக்கமும் தட்டி கட்டிக் குடு. குளுரும்"னாரு.

இதுதான்டா நீ சொல்ற குழி.

அப்புறம் நீ என்ன பண்ண? பழைய படத்தையே எடுத்து, உன் பேர மட்டும் போட்டு, ட்ரோன் வீடியோவோட ஊருக்கு அனுப்பிட்ட. ரெண்டு படத்துல எதுன்னு ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டத்துல முடிவு பண்றாங்க. உன் வீடியோ அழகாத்தான் இருக்கு. அதக் காட்டினா உனக்குத்தான் கை தூக்குவாங்க. அடுத்த சித்திரைக்கு அதே கையில குடத்தத் தூக்கிக்கிட்டு தண்ணி லாரிக்கு நிப்பாங்க.

நேத்து மேடம் ரூமுக்குப் போய்க் கத்துனேன். வெளிய நின்னவங்களக் கேளு, அது ஜால்ரா சத்தமான்னு சொல்லுவாங்க.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா அவன் படத்த வாபஸ் வாங்கிடுவான். ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?"

"சொன்னா கேப்பான்."

"கேக்கட்டுமே!"

"அடுத்த பாறைக்கு அவன்கூட நான் வர மாட்டேனே பரமு."

"அப்போ சுனை காஞ்சு போவட்டுமா? அவனும்தான் மேடம் பாத்தான். நீங்க ஊத்துனப்ப என் பக்கத்துலதான் நின்னான்."

மேடம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க.

"பாத்தானான்னு என்கிட்ட ஏன் கேக்குற?"

கதவ அடிச்சுச் சாத்திட்டு வந்துட்டேன்.

அதான் உன்கிட்ட கேக்குறேன். குரூப்ல பதில் போடாத, நான் படிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு வா. அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு பாத்தியா, பாக்கலையா? மைக்கப் புடிச்சு, ஊரு முன்னாடி நின்னு சொல்லு.